குனிந்த முதுகுக்கும் ஒரு முறை

ஊர்ப் பெரியவர்களே, வலை வேலையைப் போட்டுவிட்டு வந்திருக்கும் தம்பிமார்களே, முன்வரிசை காலியாகக் கிடந்தும் கடைசியில் போய் உட்கார்ந்திருக்கும் அம்மாமார்களே, அக்காமார்களே!

மேடையேறும் முன்பே ஒரு பெரியவர் என்னை மடக்கிவிட்டார். "விடியக்காலம் தொட்டு வலை இழுக்கிறவனுக்கு எதுக்கு சார் யோகா? அதெல்லாம் ஏசி ரூம்ல குந்திக்கினு இருக்கிறவனுக்கு." அவருக்குக் கைதட்டுகிறீர்கள். தட்டுங்கள், நியாயமான கேள்விதான்.

ஐயா, உங்கள் உழைப்பில் குறையில்லை. ஆனால் அது உடம்பை ஒரு பக்கமாகத்தான் வளைக்கிறது. கழி ஊன்றினால் குனிவு, வலை இழுத்தால் குனிவு, கரைக்கு வந்து மீன் பிரித்தால் அதற்கும் குனிவு. ஆழமில்லாத தண்ணீரில், பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு, சேற்றைத் தடவித் தடவி இறால் பிடிக்கிறார்களே இருளர் பெண்கள், அவர்கள் இடுப்பு என்ன பாடுபடும்? பழவேற்காட்டில் பனையோலைக் கூடை முடையும் முஸ்லிம் வீட்டுப் பெண்களுக்குக் காலில் சேறு இல்லை, குனிவு அதேதான். இப்படி முன்பக்கமே மடிகிற முதுகைப் பின்பக்கம் வளைக்கிற வேலை உங்கள் தொழிலில் எங்கே இருக்கிறது?

பாடு முறையை உங்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. ஒரே இடத்தில் ஒரே கூட்டம் தினமும் வலை கட்டக் கூடாது என்று முறை வைத்துத் தொழில் செய்தவர்கள் உங்கள் முன்னோர்கள். பழவேற்காட்டு ஏரிக்கு வைத்த முறையை இடுப்புக்கு வைக்காமல் விட்டுவிட்டோம்.

குப்புறப் படுத்து, கையை ஊன்றி, நெஞ்சை மெல்லத் தூக்கினால் அது புஜங்காசனம். ஒரு பாய் போதும். நாள்பட்ட இடுப்பு வலிக்கு மாத்திரையைத் தொடுமுன் செய்து பார்க்கத் தக்கவற்றில் ஒன்றாக யோகாவை 2017-ல் அமெரிக்க மருத்துவர் கல்லூரி தன் வழிகாட்டுதலில் சேர்த்தது. இங்கேயோ முதுகு பிடித்தால் மருந்துக்கடையில் ஊசி, மாத்திரை. மறுநாள் மறுபடியும் படகு.

யோகா வசதியானவர் வீட்டுச் சொத்து என்று யார் சொன்னது? வேதாத்திரி மகரிஷி 1911-ல் கூடுவாஞ்சேரியில் நெசவாளர் வீட்டில் பிறந்தவர். தறியில் உட்கார்ந்தவர். வேலைக்குப் போகிறவனும் செய்யட்டும் என்றுதான் எளியமுறை உடற்பயிற்சியை வகுத்தார். கோவை நானம்மாள் பாட்டியைத் தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள். கிராமத்துக் குடும்பம், புடவை கட்டிக்கொண்டே ஆசனம். தொண்ணூறைத் தாண்டியும் கற்றுக்கொடுத்தார். 2018-ல் பத்மஸ்ரீ வாங்கினார்.

இனி மூச்சு. இதைக் கொஞ்சம் நிதானமாகக் கேளுங்கள். படுத்தால் தூக்கம் வராத வீடுகள் இந்த ஊரில் எத்தனை என்று உங்களுக்குத்தான் தெரியும். வட்டி, டீசல், வெறுங்கையோடு திரும்பிய படகு எல்லாம் ராத்திரியில்தான் வந்து நிற்கும். அப்போது நெஞ்சு படபடக்கும், மூச்சு மேலோட்டமாக ஓடும். நாம் சாதாரணமாக நிமிடத்துக்குப் பன்னிரண்டு தடவைக்கு மேல் மூச்சு விடுகிறோம். அதை ஆறேழாகக் குறைத்து, வெளிவிடும் மூச்சை நீளமாக்கினால் இதயத் துடிப்பு தணிகிறது, உடம்பு "ஆபத்து இல்லை" என்று நம்ப ஆரம்பிக்கிறது. இது இந்துக்களின் சமாச்சாரம் என்று நினைக்கிற சகோதரர்களுக்கு ஒன்று சொல்கிறேன். 2001-ல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் ஓர் ஆய்வு வந்தது. 23 பேரிடம் பார்த்தார்கள். ஜெபமாலை சொன்னபோதும் யோக மந்திரம் சொன்னபோதும் மூச்சு ஒரே மாதிரி நிமிடத்துக்கு ஆறளவில் வந்து நின்றது. நுரையீரலுக்குக் கோயிலும் தெரியாது, மாதா கோயிலும் தெரியாது, பள்ளிவாசலும் தெரியாது!

அளவுக்கு மீறி வாக்குக் கொடுக்க மாட்டேன். யோகா கற்றுக்கொண்டு சர்க்கரை மாத்திரையை நிறுத்துகிறவர் இருந்தால், அவர் இன்றே வீட்டுக்குப் போகலாம். பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையில் மனச்சோர்வுக்கு மருந்தோடு சேர்த்தும் யோகா சொல்லித் தருகிறார்கள். ரத்தக் கொதிப்பு உள்ளவர் தலைகீழாக நிற்க வேண்டாம். கர்ப்பிணிகள் டாக்டரைக் கேட்காமல் எதையும் தொட வேண்டாம். ஊர்ப் பிரச்சினைக்கும் யோகா மருந்தில்லை: ஏரி கடலைச் சேரும் முகத்துவாரத்தை மணல் மூடிக்கொண்டால் அதை மூச்சுப்பயிற்சி திறந்துவிடாது. அதற்கு மனு எழுத வேண்டும், கலெக்டர் ஆபீஸ் வாசலில் நிற்க வேண்டும். அங்கே போய் நிற்கவாவது இடுப்பு நேராக வேண்டாமா?

கடைசியாகப் பஞ்சாயத்தாருக்கு ஒரு விண்ணப்பம்: இங்கே ஒரு யோகா வகுப்பு வையுங்கள். 2015-லிருந்து வருஷா வருஷம் ஜூன் 21 யோகா தினம். ஊரெல்லாம் காலை ஆறு மணிக்குப் பாய் விரிப்பார்கள், போட்டோ எடுப்பார்கள். அந்த நேரத்தில் இங்கே படகு கரை சேரும், ஏலம் நடக்கும், பெண்கள் கூடையோடு பஸ்ஸைப் பிடித்துக்கொண்டு இருப்பார்கள். காலையில் வகுப்பு வைத்தால் ஒருத்தரும் வர மாட்டார்கள். அப்புறம் "இந்த ஜனங்களுக்கு அக்கறை இல்லை" என்று யாராவது எழுதிவிட்டுப் போவார்கள். ஆகவே சாயங்காலம் நான்கு மணிக்கு வையுங்கள், பெண்கள் மீன் விற்றுத் திரும்பிய பிறகு. வலை பின்னுகிற கொட்டகையில் அரை மணி நேரம், வாரத்தில் ஐந்து நாள். முறையாகக் கற்ற ஆசிரியர் ஒருவரை, முடிந்தால் ஒரு பெண்ணை, அழைத்து வாருங்கள். அந்த அரை மணி நேரம் வீட்டில் அடுப்பைப் பார்த்துக்கொள்வது யார் என்பதையும் இந்தக் கூட்டம் கலைவதற்குள் ஆண்கள் பேசி முடித்துவிடுங்கள்.