பெட்டியடிப் பள்ளி

(காரைக்குடியில் கடைப் பணியாளரிடையே ஆற்றப்பெற்ற உரை)



பணியாளர்க்கு மடல் எழுதவும் அறிக்கை வரையவும் பணியிடத்திலேயே பயிற்சி தரல் வேண்டும் என்று இன்று எங்கும் பேசப்படுகின்றது. நன்று! ஆனால், அப்பயிற்சி என்றாலே ஆங்கிலப் பயிற்சிதான் எனத் தமிழருட் பலர் முடிவு கட்டிவிடுகின்றனர். தமிழில் வணிகம் எழுத வராது என்பாரும் உளர். அதனைக் காரைக்குடித் தெருவில் நின்று சொல்வாராயின், இவ்வூர் வீட்டுச் சுவர்களே நகைக்கும்!

கடல் கடந்த பெருவணிகத்தைத் தமிழில் எழுதியே நடத்திய நிலம் இச்செட்டிநாடு. 1930ஆம் ஆண்டளவில் பருமாவில் மட்டும் நகரத்தார் கடைகள் ஏறத்தாழ 1,650 இருந்தன. இலங்கையிலும் மலையாவிலும் இருந்தவை வேறு. முதலாளி ஊரில், மேலாள் அக்கரையில். இருவரையும் இணைத்தது எழுத்தே. அன்றாடக் கொடுக்கல் வாங்கல் குறிப்பில் ஏறும். குறிப்பிலிருந்து ஆள்வாரியாகப் பேரேட்டுக்குச் செல்லும். பேரேட்டின் பற்றும் வரவும் ஐந்தொகையில் ஒத்துக் காட்டப்பெறும். கணக்கும் மடலும் கப்பலேறி ஊருக்கு வரும். ஒரு சொல் பிறழ்ந்தால் பொருள் பிறழும். ஓர் எண் பிறழ்ந்தால் முதலே போம்!

இவ்வெழுத்தை எங்குக் கற்றனர்? கடையே பள்ளி. சிறுவன் பெட்டியடிப் பையனாகச் சேர்வான், ஏவல் செய்வான், மூத்தோர் எழுதுவதைப் பார்ப்பான், தானும் எழுதித் திருத்தம் பெறுவான். பின் அடுத்தாளாவான்; தேர்ந்தபின் மேலாளாவான். அவ்வட்டித் தொழிலால் பருமா உழவர் பலர் நிலமிழந்த கொடுமையை மறைப்பதற்கில்லை. இங்குப் போற்றப்படுவது தொழிலன்று, பயிற்றுமுறையே.

மேலைச்சிவபுரியில் 1917இல் பிறந்த வ.சுப. மாணிக்கனார், இளமையில் பருமாவில் அவ்வாறு பெட்டியடியில் இருந்தவரே. வரி அலுவலர் வந்தபோது, கடையிலிருந்த முதலாளியை 'இல்லை' என்று சொல்லுமாறு பணிக்கப்பெற்றார், மறுத்தார், வேலையை இழந்தார். பின்னாளில் அவரே மதுரை காமராசர் பல்கலைக்கழகத் துணைவேந்தரானார். தமிழ்வழிக் கல்விக்கு இயக்கங் கண்டார். உள்ளதை உள்ளவாறு உரைத்தல்: வணிக எழுத்தின் முதற்பாடமும் அதுவன்றோ?

இன்றைய மடலைப் பாருங்கள்! 'தங்கள் ஆர்டர்படி சரக்குகள் டெஸ்பாட்ச் செய்யப்பட்டுள்ளன' என்று எழுதுகின்றனர். அனுப்பியவர் யார்? எந்நாள்? எத்துணை? ஒன்றும் விளங்கவில்லை. 'நீங்கள் கேட்ட பத்து மூட்டை அரிசியை இன்று காலை சரக்குந்தில் அனுப்பினோம்' என்றால் என்ன குறைந்துவிடும்? முன்னதில் தமிழும் கெட்டது, பொறுப்பும் மறைந்தது. பின்னதில் இரண்டும் நின்றன.

1956ஆம் ஆண்டுச் சட்டத்தால் தமிழ் ஆட்சிமொழியாயிற்று. அரசுப் பணியாளர்க்குத் தமிழ் வளர்ச்சித் துறை ஆட்சிமொழிப் பயிலரங்கம் நடத்துகின்றது. குறிப்பும் வரைவும் தமிழில் எழுதக் கற்பிக்கின்றது. கடைப்பிள்ளைக்குக் கற்பிப்பவர் யார்? கடைக்காரரே கற்பித்தல் வேண்டும்.

அதற்குப் பெருஞ்செலவில்லை. கிழமைக்கொரு நாள், கடை திறக்குமுன் அரைமணி நேரம் போதும். அக்கிழமை எழுதிய மடல்களுள் ஒன்றை உரக்கப் படியுங்கள். பெறுபவர்க்கு ஒருமுறை படித்ததும் விளங்குமா? தொகை, நாள், பொறுப்பாளர் தெளிவாக உள்ளனவா? தமிழ்ச்சொல் இருக்க அயற்சொல் நுழைந்துள்ளதா? இவற்றைக் கேளுங்கள். மூத்தோர் திருத்துக, இளையோர் மீண்டும் எழுதுக. முதலாளியின் மடலையும் திருத்தத்திற்கு வைக்க. அப்பொழுதுதான் இளையோர்க்கு அச்சம் நீங்கும். ஆங்கிலத்தில் கேட்கும் அயலார்க்கு ஆங்கிலத்தில் விடை எழுதுங்கள்; தடையில்லை. தமிழர் தமிழர்க்கு எழுதும் மடலில் ஆங்கிலத்திற்கு என்ன வேலை?

தமிழன்பர்களே! மேடையில் வாழ்ந்து கடையில் மாயும் மொழி நெடுநாள் நில்லாது. சோறு தரும் இடத்தில் வழங்காத மொழியைத் தன் பிள்ளைக்குக் கற்பிக்க எந்தத் தாய்தான் துணிவாள்? பெட்டியடியில் வளர்ந்த தமிழ் மீண்டும் பெட்டியடிக்கே வருக! நாளைக் காலை உங்கள் கடையிலிருந்து செல்லும் முதல் மடல் தமிழ்மடலாகுக!

வெல்க தமிழ்!