வழிதவறிய உயிரும் இல்லறத்தார் கடமையும்

 

வர்த்தமான மகாவீரர் வீடுபேறு எய்திய நன்னாளாகத் தீபாவளியைப் போற்றும் மரபினர் தமிழ்ச் சமணர். அதே இரவில்தான் ஊரெங்கும் வெடி முழங்குகிறது. அவ்வொலிக்கு அஞ்சி வீட்டை விட்டு ஓடிய பூனைகள், விடிந்தபின் திரும்பும் வழி அறியாமல் தெருக்களில் ஒடுங்கிக் கிடக்கின்றன. விளக்கேற்றி வழிபடும் இல்லத்தின் வாயிலில் அத்தகைய உயிர் ஒன்று வந்து ஒதுங்குமாயின், அவ்வில்லத்தார் செய்யத்தக்கது யாது? இவ்வுரை அவ்வினாவைப் பற்றியது.

பூனை தமிழ் மரபுக்கு அயலான உயிர் அன்று. சங்க நூல்கள் காட்டுப் பூனையை வெருகு என்றன. தொல்காப்பிய மரபியல் அதனைப் பூசை என்று வழங்குவதையும் ஏற்றுக்கொண்டு, கீரி, எலி, அணில் ஆகியவற்றோடு சேர்த்து அதன் இளமைக்கும் ‘குட்டி’ என்னும் பெயரை உரிமையாக்கிற்று. 1908 முதல் 1918 வரை புதுவையில் வாழ்ந்த பாரதியார், கருவடிக்குப்பத்துச் சித்தானந்த சுவாமி கோயிலைப் பாடியவர். அப்பகுதித் தோப்பே அவருடைய குயில் பாட்டுக்குக் களம் எனப் புதுவை மக்கள் போற்றி வருகின்றனர். அப்பெருங்கவிஞர், நிற வேற்றுமை பொய் என்பதைச் சிறுவர்க்கும் விளங்குமாறு ‘முரசு’ப் பாட்டில் உரைக்க எண்ணியபோது, எடுத்துக்காட்டாகக் கொண்டது ஒரு தாய்ப் பூனையையும் அதன் பல நிறக் குட்டிகளையுமே.

எனினும் சமண இல்லத்தாருக்குப் பூனையைப் பற்றி ஒரு தயக்கம் உண்டு. அத்தயக்கம் நூல்வழி வந்தது. சுவாமி கார்த்திகேயர் இயற்றிய அனுப்பிரேட்சை நூல், பயனின்றிப் பாவம் ஈட்டும் செயல்களாகிய அநர்த்த தண்டங்களை விளக்குமிடத்து, பூனை முதலிய கொல்லும் விலங்குகளை வளர்த்தலையும் அவற்றுள் ஒன்றாகச் சேர்க்கிறது. காரணம் தெளிவானது. உழவுக் குடிகளின் வீடுகளில் நெற்குதிர் இருந்தது. குதிர் இருந்த இடத்தில் எலி இருந்தது. எலியைக் கொல்வதற்கென்றே ஒரு பூனையை வளர்ப்பவர், தம் கையால் கொல்லாவிடினும் கொலைக்குக் கருவியை வைத்திருப்பவர் ஆகிறார். இதனால் பூனையை வளர்ப்பதில் சமணர் தயங்கினர்.

ஆயின், ‘வளர்க்கலாகாது’ என்னும் விதிக்கு ‘விரட்டலாம்’ என்று பொருள் கொள்வார் சிலர் உளர். அது விதியின் கருத்துக்கே முரணானது. கொல்லாமை என்னும் அணுவிரதத்துக்கு உமாசுவாதி ஆசாரியர் கூறிய ஐந்து அதிசாரங்களை அனைவரும் அறிவர். கட்டுதல், அடித்தல், உறுப்பை அறுத்தல், மிகுந்த சுமை ஏற்றுதல், உணவையும் நீரையும் தடுத்தல் என்பன அவை. பசித்து வந்த பூனையைக் கோலெடுத்து அடிப்பதும், சாக்கில் கட்டி ஊருக்கு அப்பால் விட்டு வருவதும் இவற்றுள் அடங்காமல் வேறு எங்கே அடங்கும்? அறநூல் மட்டும் அன்று, நாட்டின் சட்டமும் இதையே சொல்கிறது. பசியாலும் தாகத்தாலும் துன்புறும் நிலையில் ஒரு விலங்கைக் கைவிடுவது, 1960-ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின் 11-ஆம் பிரிவின்படி குற்றமாகும்.

வளர்ப்பதற்கும் தயக்கம், விரட்டுவதற்கும் தடை. இவ்விரண்டுக்கும் இடையே செல்லும் வழி ஒன்று உண்டு. வழிதவறி வந்த உயிரை அதற்கு உரியவரிடம் சேர்ப்பதே அவ்வழி. அதற்கு இன்னொரு விரதமும் துணை நிற்கிறது. சமந்தபத்திரர் இரத்தின கரண்டக சிராவகாசாரத்தில் கள்ளாமையை வரையறுக்கும்போது, பிறர் வைத்ததாயினும், தவறி விழுந்ததாயினும், மறந்து போனதாயினும், கொடுக்கப்படாத பொருளைத் தான் எடுத்தலும் ஆகாது, எடுத்துப் பிறர்க்குக் கொடுத்தலும் ஆகாது என்கிறார். இவ்விரண்டாம் பகுதி ஊன்றி நோக்கத்தக்கது. தெருவில் கண்ட அழகிய பூனையை இரக்கத்தால் எடுத்து, உரியவர் உண்டா என்று கேளாமலே உறவினர் ஒருவருக்குக் கொடுத்துவிடுவது பலருக்கு நற்செயலாகத் தோன்றுகிறது. மூன்று தெரு தள்ளி ஒரு குழந்தை அதைத் தேடி அழுதுகொண்டிருக்கக்கூடும். உரியவரைத் தேடுமுன் எடுத்துக்கொள்வதும் கொடுத்துவிடுவதும், நல்லெண்ணத்தால் செய்யப்பட்டாலும் கள்ளாமைக்கு இழுக்கே.

தேடினால் கிடைக்குமா என்னும் ஐயம் எழலாம். காணாமற்போன பூனைகளின் உரிமையாளர் 1,210 பேரிடம் விவரம் கேட்டு நிகழ்த்திய ஆய்வு ஒன்று 2018-இல் வெளியாயிற்று. காணாமற்போனவற்றுள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு ஏழு நாள்களுக்குள்ளும், 61 விழுக்காடு ஓராண்டுக்குள்ளும் கிடைத்தன. 90 நாள்களுக்குப் பின் கிடைத்தவை மிகச் சிலவே. கிடைத்த பூனைகளுள் நான்கில் மூன்று பங்கு, தொலைந்த இடத்திலிருந்து 500 மீட்டர் தொலைவுக்குள்ளேயே இருந்தன. வீட்டுக்குள்ளேயே வளர்ந்தவை இன்னும் அருகில், பெரும்பாலும் 137 மீட்டருக்குள் இருந்தன. நேரில் இடம் இடமாகத் தேடியவர்களுக்கே உயிருடன் கிடைக்கும் வாய்ப்பு மிகுதியாக இருந்தது. புதுமை நாடும் இயல்புடைய பூனைகள் அயலார் வீட்டுக்குள் அகப்படுவதும் மிகுதி. பூனை தொலைதூரம் ஓடிவிட்டது என்று கைவிடுவோர் உண்மையில் அதன் அருகிலேயே நின்று கைவிடுகிறார்கள் என்பதை இவ்வெண்கள் உணர்த்துகின்றன.

கருவடிக்குப்பத்தில் ஒரு வீட்டுப் பூனை காணாமற்போயிற்று என்று கொள்வோம். ஒருபுறம் ஓயாது வண்டிகள் விரையும் கிழக்குக் கடற்கரைச் சாலை. மறுபுறம் சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகளும் குறுகிய சந்துகளும். வீட்டார் முதலில் சாலைக்கு ஓடுவர். ஆனால் தேடல் தொடங்க வேண்டிய இடம் சொந்த வீட்டின் மாடிப்படிக்கு அடியில் உள்ள இருட்டு. அடுத்து மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியின் பின்புறம், நிறுத்திய வண்டியின் அடிப்புறம், பழைய தட்டுமுட்டுச் சாமான் அறை, கட்டிமுடியாத வீட்டின் செங்கல் அடுக்கு. பின்னர், இருபக்கத்து அயலாரிடமும் பூட்டிய அறைகளையும் வண்டிக் கொட்டகையையும் திறந்து பார்க்குமாறு பணிவுடன் வேண்ட வேண்டும். ‘பார்த்தோம், இல்லை’ என்னும் விடையோடு நில்லாமல், அவர்கள் இசைவு பெற்று உடன் நின்று பார்ப்பது நலம்.

அஞ்சிய பூனை குரல் கொடாது. தன்னை வளர்த்தவர் அழைத்தாலும் அசையாமல் பதுங்கியிருப்பது அதன் இயல்பு. அன்பின்மை அதற்குக் காரணமன்று. ஒலி எழுப்பினால் பகைக்கு இடங்காட்டியதாகும் என்னும் அச்சமே காரணம். ஆதலால் பகலில் கூட்டமாகக் கூவித் தேடுவதைவிட, ஊர் அடங்கிய பின் ஒருவர் மட்டும் டார்ச் விளக்குடன் சென்று, பழகிய குரலில் மெல்ல அழைத்து, சற்றே நின்று செவிமடுப்பது பயன் தரும். விளக்கொளி பட்டால் பூனையின் கண்கள் இருளில் மின்னும். அது உறங்கிய துணியை வாயிலில் விரித்து வைத்தால் அம்மணம் அதற்கு வழிகாட்டலாம். பால் பூத், தேநீர்க் கடை, மளிகைக் கடை, நியாயவிலைக் கடை ஆகிய நான்கு இடங்களில் படத்துடன் அறிவிப்பு ஒட்டினால் அத்தெருவார் கண்ணில் படும். தெருவாரின் வாட்ஸ்அப் குழுக்களும் இதற்கு உதவும்.

இனி, பூனையைக் கண்டெடுத்தவர் கடமை. முதலில் நீர் வைக்க வேண்டும். பால் வைப்பதே வழக்கம். ஆயினும் வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பால் செரிப்பதில்லை. பூனையின் உடலமைப்பு ஊனுணவையே சார்ந்தது. ஆகவே நெடுநாள் வைத்திருப்பது சமண இல்லத்துக்கும் இயலாது, அவ்வுயிருக்கும் நலமன்று. உரியவரை விரைந்து தேட வேண்டும் என்பதற்கு இதுவும் ஒரு காரணம். கலக்கமுற்ற பூனை கடிக்கவோ கீறவோ கூடும். அவ்வாறு நேர்ந்தால் அவ்விடத்தைச் சோப்பிட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, தாமதமின்றி மருத்துவமனைக்குச் செல்லுதல் வேண்டும்.

அது தெருவில் வாழும் பூனையா, வீட்டுப் பூனையா என்று அறிதல் அடுத்த படி. ஒரு காதின் நுனி நேராக நறுக்கப்பட்டிருந்தால், கருத்தடை செய்து மீண்டும் தெருவில் விடப்பட்ட பூனை என்பதற்கு அது அடையாளமாகும். அதைத் தன் இடத்தில் விட்டுவிடலாம். அடையாளம் எதுவும் இல்லையெனில், எளிதில் அறுந்துவிடும் காகிதப் பட்டையில் ‘இப்பூனைக்கு உரியவர் உண்டா?’ என்று எழுதி, தொலைபேசி எண்ணையும் குறித்து, அதன் கழுத்தில் தளர்வாகச் சுற்றி அனுப்பலாம். வீடு உள்ள பூனையாயின் விடை வரும். மற்றொரு வழி மைக்ரோசிப். அரிசி மணி அளவே உள்ள அதனைத் தோலுக்கு அடியில் செலுத்துவர். அதற்குரிய கருவி வைத்துள்ள கால்நடை மருத்துவர் அதிலுள்ள 15 இலக்க எண்ணைப் படித்துவிடுவார். இங்கிலாந்தில் 2024 ஜூன் 10 முதல் வளர்ப்புப் பூனைகளுக்கு இது கட்டாயம் ஆகியுள்ளது. நம் நாட்டில் இது இன்னும் பரவலாகவில்லை. கழுத்துப் பட்டையில் எழுதிய தொலைபேசி எண்ணே இங்குப் பெரும்பாலும் துணை.

அறிவிப்பு வெளியிடும்போது ஓர் எச்சரிக்கை வேண்டும். பூனையின் அடையாளங்கள் அனைத்தையும் சொல்லிவிடலாகாது. வாலின் நுனி நிறம், வயிற்றிலுள்ள மறு என ஏதேனும் ஒன்றை மறைத்து வைத்து, கேட்டு வருபவரைச் சொல்லச் செய்தல் வேண்டும். உரியவர் அல்லாதார் கையில் ஒப்படைத்தால் தேடியதன் பயன் கெடும்.

இம்முயற்சி எவ்வளவு தொலைவு செல்லக்கூடும் என்பதற்கு உலகறிந்த நிகழ்ச்சி ஒன்று சான்று. 2015-இல் ஈராக்கின் மோசுல் நகரிலிருந்து உயிர் தப்பிய ஒரு தாய், தம் மக்களோடு ‘குங்குஷ்’ என்னும் வெள்ளைப் பூனையையும் கூடையில் சுமந்து, படகேறிக் கிரேக்க நாட்டின் லெஸ்போஸ் தீவை அடைந்தார். கரை சேர்ந்த குழப்பத்தில் பூனை ஓடிவிட்டது. குடும்பத்தார் தேடிக் களைத்து, வேறு வழியின்றிப் பயணத்தைத் தொடர்ந்தனர். பின்னர் அப்பூனையைக் கண்ட தொண்டர்கள், ‘யாரோ விட்டுச் சென்றது’ என்று நின்றுவிடவில்லை. மருத்துவம் செய்து, பெர்லினில் ஓர் இல்லத்தில் தங்கவைத்து, படத்தை இணையத்தில் பரப்பி, உரியவரைத் தேடினர். அக்குடும்பம் நார்வேயில் இருப்பது தெரியவந்தது. 2016 பிப்ரவரியில் பூனை அங்குக் கொண்டு சேர்க்கப்பட்டது. நாடும் வீடும் இழந்தவர்களுக்கு அவர்கள் பழைய வாழ்வின் ஒரு பகுதி அவ்வாறு மீண்டது. பூனைக்குச் செய்த உதவி, மனிதரின் துயரையும் துடைத்தது.

தேடுவதினும் தொலையாமற் காப்பது எளிது. வெடி முழங்கும் நாள்களில் பொழுது சாயுமுன் பூனையை உள்ளறையில் விட்டுச் சன்னல்களைச் சாத்திவிடலாம். வீடு மாறுவோர், புதிய வீட்டில் இரண்டு மூன்று வாரமேனும் அதை வெளியே விடாதிருக்க வேண்டும். இல்லையேல் பழைய வீட்டை நாடிப் புறப்பட்டுவிடும். பூனையின் தெளிவான படம் ஒன்றை முன்னரே எடுத்து வைத்திருப்பது ஆபத்தில் உதவும்.

சமணம் போற்றும் தானம் நான்கு: ஆகாரம், ஔடதம், சாத்திரம், அபயம். வழிதவறிய பூனைக்கு நீரும் உணவும் தருவோர் முதலாவதையும், காயத்துக்கு மருந்திடுவோர் இரண்டாவதையும், தேடும் முறையை அயலார்க்குக் கற்பிப்போர் மூன்றாவதையும் செய்தவர் ஆவர். அச்சம் நீங்கி அது தன் வீட்டு வாயிலை மிதிக்கும் கணத்தில் நான்காவதும் நிறைவேறுகிறது.

திருத்தக்கதேவர் படைத்த சீவகன், அந்தணர் சோற்றைத் தீண்டியதற்காக அடியுண்டு உயிர் நீங்கும் நிலையில் கிடந்த நாயின் அருகே அமர்ந்து, அதன் செவியில் ஐம்பத மந்திரத்தை ஓதினான். அது யாருடைய நாய் என்றோ, அதனால் தனக்கு யாது பயன் என்றோ அவன் எண்ணவில்லை. அந்நாய் சுதஞ்சணன் என்னும் தேவனாயிற்று என்று காப்பியம் கூறும். இன்று அத்துணை அரிய செயல் எவரிடமும் எதிர்பார்க்கப்படவில்லை. ஒரு கிண்ணம் தண்ணீர், ஒரு படம், அயலார் கதவில் ஒரு தட்டு, இரவில் அரைமணி நேரம் ஆகிய இவ்வளவே வேண்டப்படுகிறது. தெருவுக்கு ஒரு குடும்பம் இப்பொறுப்பை ஏற்று, ‘தொலைந்தது’, ‘கிடைத்தது’ என இரு பக்கம் உடைய குறிப்பேடு ஒன்றை வைத்திருந்தால் போதும். முதல் பக்கத்தில் எழுதிய ஒரு பெயர் இரண்டாம் பக்கத்திலும் எழுதப்படும் நாள், அவ்வில்லத்தார் கொண்ட விரதம் பயன் தந்த நாளாகும்.

அறம் வளர்க! எல்லா உயிரும் இன்புற்று வாழ்க!