பகுத்தறிவு இறக்குமதிச் சரக்கா?

ஆட்சியும் கல்வியும் மதபீடங்களின் பிடியிலிருந்து விடுபட வேண்டும் என்னும் சமயச்சார்பின்மைக் கொள்கை ஐரோப்பாவிலிருந்து இறக்குமதியான சரக்கு என்னும் முழக்கம் எகிப்திலும் எழுந்தது, தமிழகத்திலும் எழுந்து கொண்டிருக்கிறது. இரண்டு மண்ணின் வரலாறும் அதை மறுக்கின்றன.

1126இல் இன்றைய ஸ்பெயினின் குர்துபா நகரில் பிறந்த அரபு மெய்யியலாளர் இப்னு ருஷ்து, இஸ்லாமியச் சட்டப்படி தீர்ப்புரைக்கும் காஜியாகவும் மருத்துவராகவும் விளங்கியவர். பகுத்தாராய்வதை மார்க்கமே கடமையாக்கியிருக்கிறது என்று வாதிட்ட அவர் 1195இல் ஊர்விலக்கம் செய்யப்பட்டார், அவருடைய தத்துவ நூல்கள் எரிக்கப்பட்டன. ஏழு நூற்றாண்டுகள் கழித்து, லெபனானில் பிறந்து எகிப்தில் இதழ் நடத்திய ஃபரஹ் அந்தூன் 1903இல் அவரைப் பற்றி நூல் வெளியிட்டு, மதமும் அரசும் தனித்தனியே இயங்க வேண்டும் என்று கோரினார். எகிப்தின் தலைமை முஃப்தியான முஹம்மது அப்துஹுவே அவருடன் வாதுக்கு இறங்க நேர்ந்தது. பிரெஞ்சு அறிஞர் ரெனானின் எழுத்து வழியாகத்தான் அந்தூன் இப்னு ருஷ்தை அணுகினார் என்பது மெய். ஆயினும், வழிகாட்டியவர் அந்நியர் என்பதால் பாட்டனும் அந்நியனாகிவிடுவானா?

தமிழகத்தின் கதையும் இதுவே. 1880களில் சென்னையில் ‘தத்துவ விவேசினி’ இதழை நடத்திய நாத்திகர்கள் லண்டன் சுயசிந்தனையாளர்களின் எழுத்தைப் படித்தவர்கள்தாம். ஆனால் யோகமும் மருத்துவமும் பயின்று, சாதியையும் சடங்கையும் கல்லுக்குச் செய்யும் பூசையையும் பாட்டால் சாடிய சித்தர்களின் மரபு அவர்களுக்கு நெடுங்காலம் முன்பே தமிழ் மக்களின் நாவில் இருந்தது, பின்னர் சுயமரியாதை இயக்க மேடைகளிலும் அச்சித்தர்களுள் ஒருவரான சிவவாக்கியரின் பாடல்கள் ஒலித்தன. சித்தர்கோயில் அமைந்த கஞ்சமலையை அண்டிய சேலத்தில், 1944 ஆகஸ்ட் 27 அன்று, வெள்ளையர் அளித்த பட்டங்களையும் பெயருக்குப் பின்னுள்ள சாதி ஒட்டையும் துறக்க வேண்டும் என்னும் தீர்மானத்தை அண்ணா முன்மொழிய, நீதிக்கட்சி திராவிடர் கழகமாயிற்று. சாதியைச் சாடிய அந்தத் தீர்மானம் அந்நிய நாற்று என்பது வரலாறு அறியாதார் கூற்று.

சீர்திருத்தக்காரர்கள் மீதும் ஒரு குற்றம் உண்டு. சிவவாக்கியரின் சாடலை மட்டும் வெட்டியெடுத்து அவருடைய சிவபக்தியை மறைப்பது நேர்மையற்ற செயல், தேவையுமற்றது. ஏனெனில் இறைவனை நெஞ்சார நம்பிய ஒருவரே கோயில் அதிகாரத்தையும் குலப்பெருமையையும் மறுத்தார் என்னும்போது, அவரை மதத்தின் பகைவர் என்று தள்ளிவிட எதிராளிகளால் இயலாது.