செல்போன் வகுப்பறையும் சேரிப் பிள்ளைகளும்

(மீஞ்சூரில் நடந்த மாணவர் கூட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு நடை பல இடங்களில் அப்படியே விடப்பட்டுள்ளது.)



எனக்குக் கொடுத்த தலைப்பு 'இணையத்தில் வகுப்பறை'. இது கம்ப்யூட்டர் படிச்சவங்க சமாச்சாரம், இயக்கத்துக்காரங்களுக்கு எதுக்குன்னு சில தோழர்கள் நினைக்கலாம். நான் கம்ப்யூட்டர் பத்திப் பேச வரல. ஒரு வகுப்பறையை யார் நடத்துவது, அதில் யார் உள்ளே, யார் வெளியே என்பதைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன். நமக்கு இது பழைய கேள்வி. நூறு வருஷத்துக்கு மேல நாம கேட்டுக்கிட்டு வர்ற கேள்வி.

நாம் உட்கார்ந்திருக்கும் இந்தப் பொன்னேரி, மீஞ்சூர் வட்டாரம் ஒரு காலத்தில் செங்கல்பட்டு மாவட்டம். அந்த மாவட்டத்துக் கலெக்டர் டிரமன்ஹீர் பறையர்களின் நிலைமை பற்றி எழுதிய அறிக்கைக்குப் பிறகுதான் 1892இல் பஞ்சமி நில ஆணை வந்தது. 1893இல் பஞ்சமர் கல்விக்கென்று தனி அரசாணை. 1894இல் கர்னல் ஆல்காட் அடையாறு பக்கம் பஞ்சமர் பிள்ளைகளுக்கு இலவசப் பள்ளி தொடங்கினார். ஏன் தனிப் பள்ளி? ஏற்கெனவே இருந்த பள்ளிக்கூடம் ஊர்த் தெருவில் இருந்தது, அதனால்தான். பள்ளிக்கூடத்தின் கதவு திறந்தே இருந்தாலும் அந்தத் தெருவில் நடக்க முடியாதவனுக்கு அது மூடின கதவுதான். இதைச் சரியாகப் புரிந்துகொண்டவர் இரட்டைமலை சீனிவாசன். 1924இல் சென்னை சட்டசபையில் அவர் கொண்டு வந்த தீர்மானம் பொதுத் தெரு, பொதுக் கிணறு, பொதுக் கட்டிடம் எல்லாவற்றையும் எல்லாரும் பயன்படுத்தலாம் என்பது. படிப்புக்கு முன்னால் பாதை வேண்டும். பாதை இல்லாமல் பள்ளிக்கூடம் இருக்கிறது என்று சொல்வது ஏமாற்று.

இப்போ விஷயத்துக்கு வர்றேன். 2020 மார்ச்சில் கொரோனாவுக்காகப் பள்ளிக்கூடங்களை மூடினார்கள். தமிழ்நாட்டில் ஒன்றாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்பு வரைக்கும் மறுபடி திறந்தது 2021 நவம்பர் 1ஆம் தேதி. பத்தொன்பது மாசம். அந்தப் பத்தொன்பது மாசம் பள்ளிக்கூடத்தின் தெரு செல்போன் வழியாகத்தான் போனது. வாட்ஸப்பில் வீட்டுப்பாடம், யூடியூபில் பாடம், 2019இல் தொடங்கியிருந்த கல்வித் தொலைக்காட்சியில் அட்டவணை. அந்தத் தெருவில் யார் நடந்தார்கள்?

கொரோனாவுக்கு முன்பே அரசாங்கத்தின் கையில் கணக்கு இருந்தது. 2017-18இல் எடுத்த தேசிய மாதிரி ஆய்வின்படி இந்தியாவில் கிராமத்து வீடுகள் நூற்றில் பதினைந்தில்தான் இணைய வசதி. கம்ப்யூட்டர் இருந்தது நூற்றில் நாலு வீட்டில். நகரத்தில் நூற்றுக்கு நாற்பத்திரண்டு வீட்டில் இணைய வசதி இருந்தது. கணக்கு தெரிந்தேதான் தெருவை அந்தப் பக்கம் மாற்றினார்கள். 2020 ஜூன் 1, கேரளாவில் இணைய வகுப்பு தொடங்கிய முதல் நாள். படிப்பில் முன்னேறிய மாநிலம் என்று நாம் சொல்கிற கேரளா. அன்றைக்கு மலப்புரம் மாவட்டத்தில் ஒன்பதாம் வகுப்பு படித்த ஒரு தலித் மாணவி தன் உயிரை விட்டாள். அப்பா கூலிக்காரர். வீட்டு டிவி கெட்டுப் போயிருந்தது, ஸ்மார்ட்போன் இல்லை. அந்தப் பிள்ளை நன்றாகப் படிக்கிற பிள்ளை. படிக்காத பிள்ளையா இருந்தா இந்த வகுப்பு போனால் என்னன்னு இருந்திருக்கும்.

பழவேற்காட்டுக்கு வருவோம். இங்கே ஏரியில் 'பாடு' என்று ஒரு முறை உண்டு, உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும். எந்த இடத்தில், எந்த நாள், யார் வலை கட்டுவது என்று சீட்டுப் போட்டு, முறை வைத்துப் பிரித்துக்கொள்வது. ஒருத்தனே நல்ல இடத்தைப் பிடித்துக்கொள்ளாமல் மாற்றி மாற்றி வரும். வெளியிலிருந்து வந்த ஆராய்ச்சியாளர்கள் பலரும் இதை மெச்சி எழுதியிருக்கிறார்கள். முறைக்குள் இருப்பவனுக்கு நியாயமான முறைதான். ஆனால் முறைக்குள் யார்? பட்டினவர் தலைக்கட்டில் பெயர் இருப்பவர். ஏரிக்கரையிலேயே பிறந்து வளர்ந்த தலித்துக்கும் இருளருக்கும் அந்தப் பட்டியலில் வழிவழியாக இடம் இல்லை. அவங்க இடுப்பளவு தண்ணில நின்னு, கையால சேத்தைத் தடவி இறால் பிடிச்சு பறியில போட்டுக்கணும். அதே ஏரி, அதே தண்ணி, அதே இறால். பட்டியல்தான் வேற.

வாட்ஸப் குரூப்பும் ஒரு பட்டியல். வகுப்பு ஆசிரியர் நம்பர் சேர்க்கிறார். போன் இருக்கிற வீட்டு நம்பர் சேர்கிறது. போன் இல்லாத பிள்ளை குரூப்பில் இல்லை. குரூப்பில் இல்லாத பிள்ளை வீட்டுப்பாடம் எழுதவில்லை. வீட்டுப்பாடம் எழுதாத பிள்ளை படிப்பில் அக்கறை இல்லாத பிள்ளை. மூணே படியில் இல்லாமை குற்றமாகிப் போகிறது. யாரும் சாதி பேரைச் சொல்லவே இல்லை பாருங்க.

நான் சேரிக்குள் மாலை வகுப்பு நடத்துகிறவள். ஒரு தாய், நண்டு கம்பெனிக்கு வேலைக்குப் போறவங்க, என்கிட்ட சொன்னது இது: "டீச்சர், ஊட்ல ஒரு போனுதான். அது அவரு இடுப்புல கீது. அவரு ஏரில கீறாரு. புள்ளைக்கி மெசேஜ் வந்துச்சின்னா நான் இன்னா செய்யட்டும்?" இதைவிடத் தெளிவாக எந்த ஆய்வறிக்கையும் சொல்லிவிடாது. விடிவதற்கு முன்னால் தொழிலுக்குப் போகிற மனுஷனோடு போனும் போய்விடுகிறது. காலை பத்து மணிக்கு வந்த செய்தியைப் பிள்ளை பார்ப்பது ராத்திரி. அதற்குள் போனில் சார்ஜ் இருக்க வேண்டும், 28 நாள் ரீசார்ஜ் முடியாமல் இருக்க வேண்டும், அப்பா குடிக்காமல் வந்திருக்க வேண்டும், அண்ணன் பிடுங்காமல் இருக்க வேண்டும். பொம்பளப் பிள்ளையா இருந்தா இன்னும் ஒண்ணு: போனைக் கையில் வைத்திருப்பதற்கே சந்தேகப் பார்வை.

இதே ஏரிக்கு அந்தக் கரையில்தான் ஸ்ரீஹரிகோட்டா. 1971லிருந்து அங்கே ராக்கெட் கிளம்புகிறது. 2023 ஜூலையில் சந்திரயான்-3 அங்கிருந்துதான் போனது. எங்க பசங்க கரையில நின்னு கை தட்டினாங்க. நிலாவிலிருந்து படம் வருது, குப்பத்துக்குள்ள ஒரு பக்கம் திறக்க மாட்டேங்குதுன்னு ஒரு பையன் கேட்டான். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியவன் அவன் இல்லை.

அப்போ இணையமே வேண்டாமா என்று கேட்பீர்கள். வேண்டாம் என்று சொல்கிற உரிமை நமக்கு இல்லை, தோழர்களே. இன்றைக்கு உதவித்தொகை விண்ணப்பம், தேர்வு முடிவு, கல்லூரிக் கலந்தாய்வு எல்லாமே அதற்குள் போய்விட்டது. நாம் ஒதுங்கினால் ஒதுக்கினவனுக்கு வேலை மிச்சம். 2019இல் கேரள உயர்நீதிமன்றம், விடுதி மாணவி ஒருவர் தொடுத்த வழக்கில், இணையத்தைப் பயன்படுத்துவது கல்வி உரிமையின் ஒரு பகுதி என்று சொல்லியிருக்கிறது. அப்படியென்றால் இது சலுகை இல்லை, உரிமை. கேட்டு வாங்க வேண்டியது.

அதோடு, சொந்தப் பக்கம் வைத்துக்கொள்வது நமக்குப் புதுசும் இல்லை. 1907இல் அயோத்திதாசப் பண்டிதர் இராயப்பேட்டையிலிருந்து 'ஒரு பைசாத் தமிழன்' தொடங்கினார். நாலே பக்கம், விலை ஒரு பைசா. கூலிக்காரன் வாங்க முடிகிற விலை. 1920இல் அம்பேத்கர் 'மூக்நாயக்' தொடங்கினார். பேர் என்ன? ஊமைகளின் தலைவன். அடுத்தவன் பக்கத்தில் நமக்கு இடம் கேட்டு நிற்பதைவிட நமக்கென்று ஒரு பக்கம் போடுவது நம் மரபு. அந்தக் காலத்தில் அச்சுக்கூடம், காகிதம், தபால் செலவு என்று எவ்வளவோ தொல்லை. இன்றைக்கு வலைப்பூ என்று ஒன்று இருக்கிறது. காசு கட்டாமலே திறக்கலாம். தமிழ்நாட்டு ஆசிரியர்கள் பலர் பல வருஷமாகவே அரசாணை, வினாத்தாள், பாடக்குறிப்பு எல்லாம் வலைப்பூவில் போட்டுப் பகிர்ந்துகொள்கிறார்கள். ஆசிரியர் ஆசிரியருக்குப் போட்டது அது. பிள்ளைகளுக்கான பக்கமாக அதை ஏன் மாற்றக்கூடாது என்றுதான் எங்கள் மாலை வகுப்பில் யோசித்தோம்.

நாங்கள் செய்வதைச் சொல்கிறேன். பெரிய சாதனை இல்லை. உங்க ஊர்ல செய்யலாம், அதுக்குத்தான் சொல்றேன்.

முதலில், எழுத்து மட்டும். வீடியோ கிடையாது. ஒரு வீடியோ பாடம் தின்கிற டேட்டாவில் எழுத்துப் பாடம் நூற்றுக்கணக்கில் படிக்கலாம். சிக்னல் ஒரு கோடு இருந்தாலும் எழுத்து திறக்கும். குரூப்பில் போட்டது 'குட்மார்னிங்' படங்களுக்குக் கீழே புதைந்து போகும். பக்கத்தில் போட்டது தேதிவாரியாக நிற்கும். பத்து நாள் தொழிலுக்குப் போயிட்டு வந்த பையன் பத்து நாள் பாடத்தையும் வரிசையாகப் பார்க்கலாம். இன்னொன்று, குரூப்பில் எல்லார் நம்பரும் எல்லாருக்கும் தெரியும். அம்மா நம்பர், அக்கா நம்பர் எல்லாம் ஊர் சுற்றும். பக்கத்தைப் படிக்க யாரும் நம்பர் கொடுக்க வேண்டியதில்லை.

இரண்டாவது, இதுதான் முக்கியம், பக்கத்தில் போடுவது எல்லாம் அதற்கு முன்பே சுவருக்கு வர வேண்டும். மாலை வகுப்புக் கரும்பலகையில் எழுதிய பிறகுதான் போனில் ஏற்றுவோம். போன் இல்லாத பிள்ளைக்குத்தான் முதல் செய்தி. போன் இருக்கிற பிள்ளைக்கு அது இரண்டாம் பிரதி. வரிசையை மாற்றினால் பழைய பட்டியல் திரும்பி வந்துவிடும்.

மூன்றாவது, பிள்ளையின் மார்க்கோ, போட்டோவோ, வருகைப் பதிவோ, உதவித்தொகைப் பட்டியலோ அந்தப் பக்கத்தில் வரக்கூடாது. பெயருக்குப் பக்கத்தில் எஸ்.சி., எஸ்.டி. என்று போட்டுச் சுவரில் ஒட்டுகிற வழக்கம் நமக்குத் தெரியும். "ஸ்காலர்ஷிப் பசங்க எல்லாம் எழுந்து நில்லு" என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். சுவரில் ஒட்டினதை மழை அழிக்கும். இணையத்தில் போட்டதை எதுவும் அழிக்காது. 2023இல் வந்த தனிநபர் தரவுச் சட்டம் பதினெட்டு வயதுக்குக் கீழே உள்ளவர்களின் விவரத்துக்குப் பெற்றோர் ஒப்புதல் வேண்டும் என்கிறது. சட்டம் வருவதற்கு முன்பே நமக்கு இது மானப் பிரச்சினை.

நான்காவது, சாவி ஒருத்தர் கையில் இருக்கக்கூடாது. ஆசிரியர் மாற்றலாகிப் போனால் பக்கமும் போய்விடும். எங்களிடம் பாஸ்வேர்டு இரண்டு பேரிடம் இருக்கிறது. ஒருத்தி கல்லூரியில் படிக்கிற தங்கச்சி, எங்கள் தெருப்பிள்ளை.

ஐந்தாவது, பிள்ளைகள் எழுத வேண்டும். வீட்டுப்பாடம் போடுகிற இடமாக மட்டும் இருந்தால் அது இன்னொரு கரும்பலகை, அவ்வளவுதான். மடவை எந்தக் காற்றுக்கு வரும், முகத்துவாரத்தில் மண் அடைத்துக்கொண்டால் ஏரித் தண்ணி எப்படி மாறுது, கொடுவாவுக்கும் கீச்சானுக்கும் விலை யார் சொல்றது, பறியோட போற ஆயாவுக்கு முதுகு ஏன் வலிக்குது, இதெல்லாம் பசங்க எழுதுறாங்க. பூநாரை பார்க்க வருகிறவர்கள் எழுதின பழவேற்காடு வேறு. டச்சுக் கோட்டை, கல்லறை பார்க்க வருகிறவர்கள் எழுதின பழவேற்காடு வேறு. அந்த டச்சுக்காரர்கள் பதினேழாம் நூற்றாண்டில் இந்தத் துறைமுகத்திலிருந்து துணியோடு அடிமைகளையும் கப்பலேற்றினார்கள் என்பதை ஒரு பிள்ளை தேடிப் படித்து எழுதியது. சுற்றுலாப் பலகையில் அது பெரிய எழுத்தில் இருக்காது. எழுதத் தெரியாத சின்னப் பிள்ளை சொல்லும், பெரிய பிள்ளை எழுதிக்கொள்ளும். பேச்சு வழக்கை நாங்கள் திருத்துவதில்லை. 'கீது' என்று எழுதினால் 'கீது' என்றே இருக்கும். பரீட்சைக்கு எழுதுகிற தமிழைத் தனியாகக் கற்றுக்கொடுக்கிறோம். இரண்டும் வேண்டும்.

இதெல்லாம் அரசாங்கத்தின் பொறுப்பைத் தட்டிவிடுவதற்கு அல்ல. 2021 அக்டோபரில் மரக்காணம் பக்கம் முதலியார்குப்பத்தில் 'இல்லம் தேடிக் கல்வி' தொடங்கியபோது அரசே ஒன்றை ஒப்புக்கொண்டது: போன் போகாத வீட்டுக்கு ஆள்தான் போக வேண்டும். தன்னார்வலராகப் போனவர்களில் நிறையப் பேர் நம் பெண்கள். மாசம் ஆயிரம் ரூபாய் ஊக்கத்தொகை. ஆயிரம் ரூபாயில் ஒரு தலைமுறையின் இழப்பை ஈடுகட்டச் சொன்னார்கள். ஆனாலும் திசை சரி. பிள்ளை இருக்கிற இடத்துக்குப் பள்ளிக்கூடம் வரணும்.

ஆகவே கேட்க வேண்டியதைக் கேட்போம். அரசுப் பள்ளியிலும் ஆதிதிராவிடர் நலப் பள்ளியிலும் போன் வழியாகச் சொல்லும் எதையும் காகிதத்திலும் சொல்லியாக வேண்டும். போன் இல்லை என்பதற்காக ஒரு பிள்ளையும் வகுப்பில் தலைகுனிந்து நிற்கக்கூடாது. குப்பங்களிலும் சேரிகளிலும் நூலகமோ சமுதாயக் கூடமோ இருக்கிற இடத்தில் பிள்ளைகளுக்கு இலவச இணைய இணைப்பு வேண்டும். உதவித்தொகை விண்ணப்பத்தைப் பள்ளியே உட்கார்ந்து போட்டுத் தர வேண்டும், பிரவுசிங் சென்டருக்கு அனுப்பக்கூடாது.

மாணவத் தோழர்களிடம் கேட்பது வேறு. உங்களில் எல்லார் கையிலும் போன் இருக்கிறது. வாரத்துக்கு இரண்டு சாயங்காலம் உங்கள் தெருவில் ஒரு விளக்குக் கம்பத்தின் கீழே உட்காருங்கள். நாலு பிள்ளைகள் போதும். முதல் நாள் எந்தப் பக்கமும் திறக்க வேண்டாம். எந்த வீட்டில் போன் இருக்கிறது, எந்த நேரத்தில் இருக்கிறது, யார் கையில் இருக்கிறது, இதை மட்டும் கேட்டு ஒரு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். கூட்டம் முடிந்ததும் வெளியில் நிற்பேன், தொடங்க நினைக்கிறவங்க வந்து பேசுங்க.

ஜெய்பீம்.