புகாரும் பதிவேடும்

(திருப்பூர் இராயபுரத்தில் நம் சங்க மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இரவு வேலை முடிந்து திரும்பும் பனியன் கம்பெனித் தொழிலாளிக்கோ, கடையடைக்கும் வியாபாரிக்கோ போலீசாரால் துன்பம் நேரிடின் நாம் செய்வது யாது? சங்கப் பெரியவர் ஒருவரை அழைத்துக்கொண்டு ஸ்டேஷனுக்குச் சென்று, சமாதானம் பேசித் திரும்புகின்றோம். எழுத்தில் ஒன்றும் இல்லை. அதே அதிகாரி நாளை வேறொருவரைத் துன்புறுத்துங்கால், முன் நிகழ்ந்ததை அறிவார் எவருமிலர்.

1854-ல் சென்னை இராஜதானியில், வரிவசூலிலும் போலீஸ் விசாரணையிலும் நிகழ்ந்த சித்திரவதையை ஆராயக் கமிஷன் ஒன்று நியமிக்கப்பெற்றது. 1,959 முறையீடுகள் வந்தன. 1855-ல் அறிக்கை அச்சாயிற்று. அதன்பின் 1859-ல் புதிய போலீஸ் சட்டம் வந்தது. குடிகளின் குறை ஏட்டில் ஏறியமையால் விளைந்த பயன் இது.

நம் காலத்திலும் அங்ஙனமே. 2020 ஜூனில் சாத்தான்குளத்து வியாபாரி ஜெயராஜும் அவர் புதல்வர் பென்னிக்ஸும், கடை மூடும் நேரம் பற்றிய தகராறில் பிடிக்கப்பெற்று, ஸ்டேஷனில் அடியுண்டு, பின்னர் உயிர் நீத்தனர். காமிராப் பதிவுகள் நாள்தோறும் தாமே அழியுமாறு அமைக்கப்பட்டிருந்ததை விசாரணைக்குச் சென்ற மாஜிஸ்திரேட் கண்டு எழுதினார்; அங்கிருந்த பெண் தலைமைக் காவலர் ஒருவர் அஞ்சாது கூறிய சாட்சியையும் பதிந்தார். அவ்வாண்டு டிசம்பரில் சுப்ரீம் கோர்ட்டு, ஸ்டேஷன் தோறும் காமிரா வைத்துப் பதிவுகளை ஓராண்டுக்குக் குறையாமல் காக்குமாறு ஆணையிட்டது.

ஆயினும் ஒரு கதவு அடைபட்டே உள்ளது. அரசு உத்தியோகஸ்தர் பெற்ற மெமோவும் தண்டனையும் அவரது சொந்த விஷயம் என 2012-ல் அதே கோர்ட்டு தீர்ப்பளித்தது. ஆதலின் ஒரு காவலரின் முந்தைய குற்றங்களைத் தகவல் உரிமைச் சட்டத்தால் அறிதல் அரிது. நம் பதிவை நாமே பேணல் வேண்டும்.

புகாரை எழுதிக் கொடுத்து ரசீது பெறுங்கள். முதல் தகவல் அறிக்கை பதிவாயின் அதன் நகலை இலவசமாகக் கேளுங்கள். ஸ்டேஷனில் மறுத்தால் மேலதிகாரிக்குத் தபாலில் அனுப்புங்கள். மாநில மனித உரிமைக் கமிஷனுக்கு ஓராண்டுக்குள் முறையிடுங்கள். சங்கத்திலும் ஒரு பதிவேடு இருக்கட்டும்: தேதி, ஸ்டேஷன், குறை, வந்த பதில். குற்றஞ்சாட்டப்பட்டவர் நம்மவராயினும் அதில் எழுதத் தயங்கலாகாது. பொய்ப் புகாரைக் காட்டிக்கொடுப்பதும், நேர்மையான காவலரைக் காப்பதும் அப்பதிவேடேயாகும்.

சமாதானம் வேண்டாமென்று சொல்லவில்லை. எழுதிய பின் சமாதானம் பேசுக என்றே வேண்டிக்கொள்கிறேன்.