நிரலும் ஓர் ஆவணமே

கணினி வரலாறு என்ற பெயரில் இன்று சில பல்கலைக்கழகங்களில் கற்பிக்கப்படும் பாடம், பொறிகளின் பெயர்களையும் அவை பிறந்த ஆண்டுகளையும் வரிசையாக ஒப்பிக்கும் பட்டியல் அன்று. கணக்கிடும் வேலையை மனிதர்கள் எப்போது, எந்தத் தேவைக்காகப் பொறியிடம் ஒப்படைத்தார்கள், ஒப்படைத்த பின் அந்த வேலை எவ்வாறு உருமாறியது, அதுவரை அதைச் செய்துவந்தவர்கள் என்ன ஆனார்கள் என்பனவற்றை எஞ்சியிருக்கும் சான்றுகளைக் கொண்டு ஆராய்வதே அதன் வேலை. இதற்கெனத் தனித் துறை வைத்திருக்கும் பல்கலைக்கழகங்கள் மிகச் சில. பெரும்பாலும் அறிவியல் வரலாற்றுத் துறையின் ஒரு மூலையிலோ, கணினி அறிவியல் துறையின் விருப்பப் பாடமாகவோ அது நடத்தப்படுகிறது. வரலாற்றுத் துறையினருக்கு அது பொறியியலாகவும், பொறியியல் துறையினருக்கு அது பழங்கதையாகவும் தோன்றுவதால், இரு வீட்டுக்கும் உறவினராக இருந்தும் எந்த வீட்டிலும் இலை போடப்படாத விருந்தாளியின் நிலை அதற்கு நெடுங்காலம் இருந்தது.

இத்துறை உருப்பெற்றது 1970களில். அதற்குத் தூண்டுதலாக இருந்தவற்றுள் ஒன்று கல்விக்கூடத்தில் பிறந்ததன்று, நீதிமன்றத்தில் பிறந்தது. அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் எக்கர்ட், மாக்லி என்ற இருவர் தலைமையில் கட்டப்பட்டு, 1946இல் உலகுக்குக் காட்டப்பட்ட எனியாக் என்ற பொறியின் காப்புரிமை, அதாவது ஒரு கண்டுபிடிப்பைப் பிறர் பயன்படுத்தும்போது கட்டணம் பெறும் சட்ட உரிமை, பிற்காலத்தில் ஸ்பெரி ராண்ட் நிறுவனத்தின் கைக்கு வந்திருந்தது. அதை எதிர்த்து ஹனிவெல் நிறுவனம் தொடுத்த வழக்கில், 1973 அக்டோபர் 19 அன்று மினியாபொலிஸ் நகரில் நீதிபதி ஏர்ல் லார்சன் அந்தக் காப்புரிமை செல்லாது என்று தீர்ப்பளித்தார். அயோவாவில் அதற்கு முன்பே மின்னணுக் கணக்கீட்டுப் பொறி ஒன்றை உருவாக்கியிருந்த அடனாசாஃப் என்ற இயற்பியலாளரிடமிருந்து அடிப்படைக் கருத்துகள் பெறப்பட்டன என்பது தீர்ப்பில் கூறப்பட்ட காரணங்களுள் ஒன்று. இந்த வழக்குக்காக இரு தரப்பும் தோண்டியெடுத்த கடிதங்களும் குறிப்பேடுகளும் சாட்சியங்களும், கணினியின் முன்னோடி சார்லஸ் பாபேஜ் பெயரால் 1978இல் தொடங்கப்பட்டு 1980இல் மினசோட்டா பல்கலைக்கழகத்துக்கு வந்த ஆவணக்காப்பகத்தில் இன்று ஆய்வாளர்களின் பார்வைக்கு இருக்கின்றன. வழக்கறிஞர்கள் பணத்துக்காகத் திரட்டியதை வரலாற்றாசிரியர்கள் செலவின்றிப் பெற்றார்கள்.

ஆனால் அந்தக் கொடையோடு ஒரு பழக்கமும் சேர்ந்து வந்தது. எவர் முதலில் செய்தார் என்பது நீதிமன்றம் கேட்டே தீர வேண்டிய கேள்வி. வரலாற்றாசிரியர் அதையே கேட்டுக்கொண்டிருக்க வேண்டியதில்லை. மின்னணுவால் இயங்கிய முதற்பொறி, நிரலைத் தன் நினைவிலேயே வைத்திருந்த முதற்பொறி, அன்றாட வேலைக்குப் பயன்பட்ட முதற்பொறி என்று அடைமொழிகளைக் கூட்டிக்கொண்டே போனால், ஏறத்தாழ எல்லாப் பொறியும் எதிலாவது முதலாவதாக நின்றுவிடும்.

முதன்மையைப் பற்றிய தீர்ப்புகள் எவ்வளவு நிலையற்றவை என்பதற்கு இங்கிலாந்தின் கொலோசஸ் பொறியைவிடச் சிறந்த சான்று தேவையில்லை. இரண்டாம் உலகப் போரின்போது ஜெர்மானியரின் மறைமொழிச் செய்திகளை உடைப்பதற்காக, அஞ்சல் துறைப் பொறியாளர் டாமி ஃபிளவர்ஸ், பழைய வானொலிப் பெட்டிகளில் இருந்தவை போன்ற வால்வுகளை ஆயிரத்துக்கும் மேல் கொண்டு அதைக் கட்டினார். 1944இன் தொடக்கத்தில், மறைமொழி உடைக்கும் பணி நடந்த பிளெட்ச்லி பார்க்கில் அது வேலை செய்யத் தொடங்கியது. போர் முடிந்தபின்னும் அது அரசின் கடும் இரகசியமாகவே இருந்தது. நியூகாசில் பல்கலைக்கழகத்தில் கணினி அறிவியல் பேராசிரியராக இருந்த பிரையன் ராண்டெல், தொடக்கக்கால ஆவணங்களைத் தொகுத்துக்கொண்டிருந்தபோது இப்படியொரு பொறி இருந்திருக்க வேண்டும் என்று உய்த்துணர்ந்து, 1972இல் பிரதமருக்கே எழுதி அதை வெளியிடக் கோரினார். 1975இல் அரசு சில நிழற்படங்களை மட்டும் வெளியிட்டது. அடுத்த ஆண்டு அமெரிக்காவின் லாஸ் அலமோஸில் கூடிய கணினி வரலாற்று மாநாட்டில் ராண்டெல் அதைப் பற்றிய கட்டுரையைப் படித்தார். மினியாபொலிஸ் தீர்ப்பு எழுதப்பட்ட நாளில் கொலோசஸ் என்ற பெயரையே பொதுவெளியில் எவரும் உச்சரிக்க முடியாத நிலை இருந்தது என்பதை மாணவர் இங்குக் கவனிக்க வேண்டும்.

இத்துறையைப் பொறிகளின் வம்சாவளியிலிருந்து விலக்கி வேறு திசைக்குத் திருப்பியவர்களுள் முதன்மையாகக் குறிப்பிட வேண்டியவர் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தின் மைக்கேல் மஹோனி. பதினேழாம் நூற்றாண்டுக் கணித மேதை ஃபெர்மாவைப் பற்றி நூல் எழுதிப் பெயர் பெற்ற இவர், 1980களில் கணினியின் பக்கம் வந்தார். கணினி என்பது ஒரே பொருள் அன்று, காப்பீட்டு நிறுவனமும் படைத்துறையும் இயற்பியல் ஆய்வுக்கூடமும் தத்தம் வேலைக்கேற்ப அதை வெவ்வேறு பொருளாக ஆக்கிக்கொண்டன, ஆகவே அந்த வேலைகளின் வரலாற்றை அறியாமல் பொறியின் வரலாற்றை எழுத முடியாது என்பது அவருடைய வாதத்தின் சாரம். இது ஏற்கத்தக்க வாதமே. ஆனால் ஒரு தொல்லையும் இதில் உண்டு. பொறியின் வரலாற்றை எழுத வரைபடங்களும் இரும்புச் சட்டகங்களும் கிடைக்கும். பொறி செய்த வேலையின் வரலாற்றை எழுதவோ நிரல்கள் வேண்டும். நிரல் என்பது பொறி என்ன செய்ய வேண்டும் என்பதைப் படிப்படியாகச் சொல்லும் கட்டளைத் தொகுதி. வேலை முடிந்ததும் அது குப்பைக்குப் போவதே வழக்கமாக இருந்தது.

தப்பிப் பிழைத்த ஒரு நிரல் எவ்வளவு சொல்லும் என்பதைக் காட்டக் கேம்பிரிட்ஜில் கிடைத்த ஒரு காகித நாடா போதும். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் கணித ஆய்வுக்கூடத்தில் மாரிஸ் வில்க்ஸ் தலைமையில் கட்டப்பட்ட எட்சாக் பொறி, 1949 மே 6 அன்று 0 முதல் 99 வரையிலான எண்களின் வர்க்கங்களை அச்சிட்டுத் தன் முதல் வேலையை முடித்தது. பாதரசம் நிரப்பிய நீண்ட குழாய்களுக்குள் ஒலித்துடிப்புகளைச் சுற்றிச் சுற்றி ஓடவிட்டு எண்களை நினைவில் நிறுத்திய பொறி அது. கட்டளைகளைக் காகித நாடாவில் துளைகளாக இட்டு உள்ளே செலுத்துவார்கள். ஒரு வரிசைக்கு ஐந்து துளைகள் வரை இடம் உண்டு. கூட்டலுக்கு ஏ, கழித்தலுக்கு எஸ், விடையை நினைவகத்துக்கு மாற்றுவதற்கு டி என ஒவ்வொரு செயலையும் ஓர் ஆங்கில எழுத்து குறித்தது. அந்த எழுத்தைத் தொடர்ந்து நினைவகத்தில் எந்த இடம் என்பதற்கான எண் வரும்.

வர்க்கங்களின் பட்டியல் ஒரு வெள்ளோட்டமே. மெய்யான கணக்கு ஒன்றைச் செய்து பார்க்க விரும்பிய வில்க்ஸ், அந்த ஆண்டுக் கோடையில் எய்ரி சமன்பாட்டை எடுத்துக்கொண்டார். வானவில்லில் ஒளி எவ்வாறு செறிந்தும் தேய்ந்தும் தோன்றுகிறது என்பதை விளக்கப் புகுந்த பத்தொன்பதாம் நூற்றாண்டு வானியலாளர் எய்ரியின் பெயரால் வழங்கும் கணக்கு அது. அதற்காக அவர் எழுதிய நிரலின் தொடக்க வடிவம் ஒன்று, முப்பது ஆண்டுகள் கழித்து 1979இல் அதே ஆய்வுக்கூடத்தில் துளைநாடாவாகவே அகப்பட்டது. பின்னர் வார்விக் பல்கலைக்கழகத்தில் கணினி வரலாற்றுப் பேராசிரியராக விளங்கிய மார்ட்டின் கேம்பல்-கெல்லி அந்தத் துளைகளை எழுத்துகளாகவும், எழுத்துகளைக் கட்டளைகளாகவும், கட்டளைகளை எழுதியவரின் எண்ணமாகவும் படிப்படியாக வாசித்து, 1992இல் அதைப் பற்றி எழுதினார். மொத்தம் 126 வரிகள். அவற்றில் ஏறத்தாழ இருபது பிழைகள்.

இந்த எண்ணிக்கையைக் கேட்டுப் புன்னகைப்பது எளிது. ஆயினும் நாடாவின் மதிப்பு முழுவதும் அந்தப் பிழைகளில்தான் இருக்கிறது. அச்சேறிய நிரல்கள் யாவும் திருத்தப்பட்டவை; எழுதியவர் எங்கே தடுமாறினார் என்பதை அவை மறைத்துவிடும். பொறியைக் கட்டுவதுதான் கடினம், கணக்கை அதற்குச் சொல்லிக்கொடுப்பது எளிது என்று நம்பியிருந்த ஒரு தலைமுறை, அந்த நம்பிக்கை உடைவதற்குச் சற்று முன்பு எவ்வாறு எழுதியது என்பதைத் திருத்தப்படாத இந்த நாடா காட்டுகிறது. வில்க்ஸ் பின்னாளில் எழுதிய நினைவுக் குறிப்பில், மாடிப்படியில் சென்றுகொண்டிருந்தபோது, எஞ்சிய வாழ்நாளில் கணிசமான பகுதி தம் நிரல்களின் பிழைகளைத் தேடுவதிலேயே கழியப்போகிறது என்ற உணர்வு தம்மைத் தாக்கியதாகப் பதிவு செய்திருக்கிறார். நினைவுக் குறிப்பு மட்டும் இருந்திருந்தால் அது முதுமையில் சொல்லப்பட்ட சுவையான செய்தியாக நின்றிருக்கும். நாடா கிடைத்தபின் அதற்கு ஆவணச் சான்றும் சேர்ந்தது. சரிபார்த்த சிறு நிரல்களை நாடாக்களாக அடுக்கிவைத்து, வேண்டியபோது படியெடுத்துச் சேர்த்துக்கொள்ளும் நிரல் நூலகத்தைக் கேம்பிரிட்ஜ்க்காரர்கள் ஏன் அவ்வளவு முனைப்புடன் வளர்த்தார்கள், அவர்களுள் ஒருவரான ஸ்டான்லி கில் 1951இல் பிழை கண்டறிவதைப் பற்றியே ஏன் தனிக் கட்டுரை எழுதினார் என்பனவும் இதனால் துலங்குகின்றன.

நிரல்களைப் போலவே, அவற்றை எழுதியவர்களும் ஆவணங்களிலிருந்து உதிர்ந்து போனதுண்டு. கம்ப்யூட்டர் என்ற ஆங்கிலச் சொல் நெடுங்காலம் பொறியைக் குறிக்கவில்லை. கணக்கிடுவதையே தொழிலாகக் கொண்ட ஆளைக் குறித்தது. பென்சில்வேனியாவில் பீரங்கிக் குண்டுகள் செல்லும் பாதையைக் கையால் கணக்கிட்டுவந்த பெண்களிலிருந்து ஆறு பேர் எனியாக்கை இயக்கத் தேர்ந்தெடுக்கப்பட்டார்கள். கையேடு எதுவும் இல்லாத நிலையில், மின்சுற்று வரைபடங்களைப் படித்தே பொறியின் போக்கைப் புரிந்துகொண்டு, கம்பிகளை இடம் மாற்றிச் செருகியும் திருகிகளைத் திருப்பியும் அவர்கள் அதற்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். 1946 பிப்ரவரியில் பொறி செய்தியாளர்களுக்குக் காட்டப்பட்டபோது அவர்கள் பெயர்கள் வெளிவரவில்லை. 1980களில் ஹார்வர்டில் இளங்கலை மாணவியாக இருந்த கேத்தி கிளைமன், பழைய நிழற்படங்களில் பொறியருகே நிற்கும் பெண்கள் யார் என்று விசாரித்தபோது, பொறி எடுப்பாகத் தெரிவதற்காக நிறுத்தப்பட்ட விளம்பர அழகிகள் என்ற விடையே கிடைத்தது. அந்த விடையை ஏற்காமல் அவர் தொடர்ந்து தேடியதால் அறுவரின் பெயர்களும் பணியும் வெளிவந்தன. படத்தில் இருப்பவர் யார் என்று கேட்பது வரலாற்று மாணவரின் முதல் வேலை. நாற்பது ஆண்டுகளாக அதை எவரும் கேட்கவில்லை என்பது சற்று வியப்புக்குரியதே.

இந்தியாவில் இப்பாடம் பரவலாக வேரூன்றவில்லை; பொருள் இல்லாமையால் அன்று. கொல்கத்தாவின் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்துக்கு 1955இல் இங்கிலாந்திலிருந்து கணினி வந்தது. மும்பையின் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில், சென்னையில் பிறந்த ஆர். நரசிம்மனின் தலைமையில் டிஃப்ராக் என்ற பொறி உள்நாட்டிலேயே கட்டப்பட்டது. கான்பூர் ஐ.ஐ.டி.க்கு 1963இலும் சென்னை ஐ.ஐ.டி.க்கு 1973இலும் ஐ.பி.எம். பொறிகள் வந்தன, அவற்றில் துளையட்டைக் கட்டுகளைக் கொடுத்துவிட்டு அச்சுத்தாளுக்காகக் காத்திருந்த தலைமுறையினர் பலர் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். ஆயுள் காப்பீட்டு அலுவலகங்களில் கணினி நுழைவதை எதிர்த்துக் கொல்கத்தா ஊழியர் சங்கங்கள் 1960களில் போராடியதையும், மஹோனியின் கண்கொண்டு பார்த்தால், கணினி வரலாற்றின் நடுப்பகுதியிலேயே வைக்க வேண்டும்.

வகுப்பறையில் இப்பாடத்துக்குச் செய்முறையும் உண்டு. பழைய பொறியின் நடத்தையை இன்றைய கணினியில் அப்படியே நடித்துக்காட்டும் பாவனை மென்பொருள்கள் கிடைக்கின்றன; எட்சாக்குக்கு அத்தகைய ஒன்றைக் கேம்பல்-கெல்லியே உருவாக்கினார். அவற்றைக் கொண்டு மாணவர்கள் விரும்பி எடுத்துக்கொள்ளத்தக்க நிரல், மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தின் சிறு பொறியில் 1948 ஜூன் 21 அன்று டாம் கில்பர்ன் ஓடவிட்டது. அந்தப் பொறியின் நினைவகத்தில் 32 இடங்களே இருந்தன. நிரல் 17 கட்டளைகளில் அடங்கியது. பெருக்கல், வகுத்தல் மட்டுமின்றிக் கூட்டலும் அதற்குத் தெரியாது. கழிக்க மட்டுமே தெரியும். கூட்ட வேண்டுமானால் எண்ணின் குறியை மாற்றிக் கழிக்க வேண்டும். வகுக்க வேண்டுமானால் கழித்துக்கொண்டே போக வேண்டும். கொடுத்த எண்ணை மீதியின்றி வகுக்கும், அதைவிடச் சிறிய எண்களுள் மிகப்பெரியதைக் கண்டுபிடிப்பதே கணக்கு. சிறு எண்களில் தொடங்கி, சில நாட்களுக்குள் 2,62,144 என்ற எண்ணைக் கொடுத்தபோது, பொறி 52 நிமிடம் உழைத்து, சுமார் 35 லட்சம் செயல்களுக்குப் பின் 1,31,072 என்று விடை சொன்னது.

அந்த எண்ணில் பாதிதான் விடை என்பது பள்ளிச் சிறுவனுக்கும் தெரியும். தெரிந்த விடைக்காக ஏன் 52 நிமிடம் என்று மாணவர் கேட்கும் இடத்தில்தான் பாடம் சூடுபிடிக்கிறது. கில்பர்னும் அவருடைய பேராசிரியர் வில்லியம்ஸும் கட்டியது, தொலைக்காட்சிக் குழல் போன்ற ஒன்றின் திரையில் மின்னூட்டப் புள்ளிகளாக எண்களைப் பதித்துவைக்கும் நினைவகம். அந்தப் புள்ளிகள் நொடிக்கும் குறைந்த நேரத்தில் கசிந்து மறைந்துவிடக்கூடியவை என்பதால் ஓயாமல் புதுப்பிக்கப்பட வேண்டியவை. இலட்சக்கணக்கான செயல்களுக்கு நடுவே ஒரு புள்ளியும் கெடாமல் நிற்குமா என்பதே அவர்களின் ஐயம். ஆகவே விடை முன்கூட்டியே தெரிந்த, ஆனால் நெடுநேரம் பிடிக்கும் கணக்குத்தான் அவர்களுக்குத் தேவைப்பட்டது.

இதை அறிந்தபின் மாணவர் மூல நிரலைத் தேடப் போவார், அது கிடைக்காது. ஜூன் 21 அன்று ஓடிய வடிவம் எங்கும் எஞ்சவில்லை. உடன் பணியாற்றிய ஜெஃப் டூட்டிலின் குறிப்பேட்டில் ஜூலை 18 தேதியிட்டு எழுதப்பட்ட, திருத்திய வடிவமே இருக்கிறது. பொன்விழாவுக்காக 1998இல் பொறியின் மாதிரி மீண்டும் கட்டப்பட்டபோது, கில்பர்னும் டூட்டிலும் அந்தத் திருத்தங்களைப் பின்னோக்கி நீக்கி, சுவடிகளின் பாடபேதங்களை வைத்து மூலபாடத்தைத் தேடும் பதிப்பாசிரியர்களைப் போல, ஐம்பது ஆண்டுக்கு முன் தாங்களே ஓடவிட்ட 17 வரிகளை ஊகித்துக் கட்டமைக்க வேண்டியிருந்தது.