கணிப்பொறியும் நம் பிள்ளைகளின் கல்வியும்

(யூபிலி விழாவையொட்டி நடந்த பெற்றோர் கூட்டத்தில் பங்குத்தந்தை ஆற்றிய உரை)



யூபிலி நிதியைக் கொண்டு நம் பங்குப் பள்ளியில் கணிப்பொறி அறை அமைக்க வேண்டும் என்று இளைஞர் கேட்கின்றனர். அப்பணத்தில் இன்னோர் ஆசிரியரை அமர்த்தலாம் என்று பெரியோர் சிலர் சொல்கின்றனர். இரு சாராரும் நாடுவது பிள்ளைகளின் நலனையே. ஆகவே, முடிவெடுக்குமுன் இதனைச் செய்து பார்த்தோரின் அனுபவத்தை நாம் கேட்பது நன்று.

தென் அமெரிக்காவின் பெரு நாட்டு அரசு, 2008 முதல் ஏழைப் பள்ளிப் பிள்ளைகளுக்கு லட்சக்கணக்கான மடிக்கணினிகளை வழங்கியது. 319 பள்ளிகளில் நடந்த ஆய்வின் முடிவு 2012இல் வெளியாயிற்று. பிள்ளைகள் கருவியை இயக்கக் கற்றிருந்தனர். கணக்கிலோ மொழிப்பாடத்திலோ முன்னேற்றம் காணப்படவில்லை. கருவி வந்த வேகத்தில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி வரவில்லை.

நம் நாட்டில், குஜராத்தின் வதோதரா மாநகராட்சிப் பள்ளிகளில், 2002 முதல் 2004 வரை வேறு வழி கண்டனர். நான்காம் வகுப்புப் பிள்ளைகள் கணிப்பொறிக்கு இருவராக அமர்ந்து, வாரம் இரண்டு மணி நேரம் தத்தம் நிலைக்கேற்ற கணக்குப் பயிற்சி செய்தனர். மதிப்பெண் நன்கு உயர்ந்தது. பயிற்சி நின்ற ஓராண்டில் அந்த ஆதாயத்தின் பெரும்பகுதி தேய்ந்தும் போயிற்று.

அதே மாநிலத்தில் நடந்த மற்றோர் ஆய்வு 2008இல் வெளிவந்தது. ஆசிரியரின் பாடவேளையைக் கணிப்பொறிக்குக் கொடுத்தபோது பிள்ளைகள் பின்தங்கினர். பள்ளி நேரத்திற்குப் புறம்பே அதே பயிற்சியை அளித்தபோது முன்னேறினர். படிப்பில் நலிந்த பிள்ளைகளே அதிகப் பயன் பெற்றனர்.

இவற்றிலிருந்து நாம் அறிவது என்ன? கணிப்பொறி ஆசிரியருக்குத் துணையாகலாம். அவர் இடத்தைப் பிடிக்கலாகாது. எனவே, நிதி முழுவதையும் கருவிக்கே செலவிடாமல், சில கணிப்பொறிகளும், மாலைப் பயிற்சிக்கு ஓர் ஆசிரியையும் என்று பங்குப்பேரவை ஆலோசிக்கட்டும். அவ்வாசிரியையின் சம்பளத்தை ஆண்டுதோறும் தாங்குவது நம் எல்லாருடைய பொறுப்பு. ஒருமுறை நன்கொடை கொடுத்துவிட்டு ஓய்ந்துவிட நமக்கு உரிமையில்லை.

தாலந்தை மண்ணில் புதைத்த ஊழியனை நாம் அறிவோம். உறை போட்டு மூடி, அறையைப் பூட்டி வைக்கும் கணிப்பொறியும் புதைத்த தாலந்தே. வகுப்பின் கடைசிப் பெஞ்சில் அமர்ந்திருக்கும் பிள்ளை வாய்ப்பாட்டைத் தடுமாறாமல் சொல்லும் நாளே நம் யூபிலிக்கு நிறைவு. எல்லாம் வல்ல இறைவன் நம் பிள்ளைகளையும் ஆசிரியர்களையும் ஆசீர்வதிப்பாராக!